ட்ரிபிள் இ மாணவருக்கு எந்த மல்டிமீட்டர்? 2,000 ரூபாய்க்குள் என்ன பார்த்து வாங்க வேண்டும்

கேள்வி இதுதான்: ட்ரிபிள் இ (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது, கையில் சுமார் 2,000 ரூபாய் இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 250 ரூபாய்க்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறதே, அது போதாதா? இல்லை, விலை உயர்ந்த ஃப்ளூக் பிராண்ட் மீட்டர்தான் வாங்க வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் நிற 250 ரூபாய் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், பிரெட்போர்டுக்கு (சால்டர் செய்யாமல் சிறு சர்க்யூட் கட்டும் பலகை) மட்டும். மீதிப் பணத்தில் 230 வோல்ட்டில் நம்பி வைக்கக்கூடிய, ட்ரூ ஆர்.எம்.எஸ். (அலை எந்த வடிவில் இருந்தாலும் ஏ.சி.யின் உண்மையான அளவைக் காட்டும் வசதி) உள்ள இன்னொரு மீட்டர் வாங்குங்கள். நல்லது ஒன்று, மலிவு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே சரி. டையோடு வி-ஐ கேரக்டரிஸ்டிக்ஸ் போன்ற பரிசோதனையில் வோல்டேஜையும் கரன்டையும் ஒரே நேரத்தில் பார்க்க எப்படியும் இரண்டு மீட்டர் வேண்டும்.

ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படிக்கும் நண்பர் சொல்லும் மாடலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். அவர் போர்டில் பெரும்பாலும் 3.3, 5, 12 வோல்ட்தான் இருக்கும். உங்களுக்கு மெஷின்ஸ் லேபில் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ், டி.சி. மோட்டாருக்கு 220 வோல்ட் டி.சி., வீட்டுக்குப் போனால் பிளக் பாயின்ட், ஃபேன், மோட்டார் ஸ்டார்ட்டர். அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் டிஸ்பிளேயில் எத்தனை இலக்கம் வருகிறது என்பதல்ல. உள்ளே என்ன ஃபியூஸ் இருக்கிறது என்பதுதான்.

மீட்டரின் முகப்பில், ஜாக்குகளுக்குப் பக்கத்தில் கேட்-2, கேட்-3 என்று ரோமன் எண்ணில் (CAT II, CAT III) அச்சிட்டிருப்பார்கள். மீட்டரை எந்த இடத்தில் வைக்கலாம் என்பதைச் சொல்லும், ஐ.இ.சி. 61010 தரத்தில் வரும் வகைப்பாடு அது. பிளக் பாயின்ட்டில் செருகும் சாதனங்கள் கேட்-2. டி.பி. பாக்ஸ் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி), நிலையான வயரிங், லேபில் இருக்கும் த்ரீ ஃபேஸ் பேனல் எல்லாம் கேட்-3. ஈ.பி. மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் லைன் கேட்-4. கூடவே வரும் 300, 600, 1000 என்ற எண் சப்ளை வோல்டேஜைக் குறிக்கிறது. ஆனால் சோதனை நடப்பது அதைவிடப் பல மடங்கு உயரும் சர்ஜில் (கண நேர வோல்டேஜ் எழுச்சியில்): கேட்-2 600 வோல்ட்டுக்கு 4,000 வோல்ட், கேட்-3 600 வோல்ட்டுக்கு 6,000 வோல்ட். வித்தியாசம் இந்த எண்ணோடு முடியவில்லை. கேட்-2 சோதனையில் சர்ஜ் வரும் மூலத்தின் தடை 12 ஓம், கேட்-3-ல் வெறும் 2 ஓம். அதாவது உள்ளே ஏதாவது உடைந்துபோனால் பாயக்கூடிய கரன்ட் கேட்-3-ல் பல மடங்கு. 415 வோல்ட் பேனலில் கை வைக்கிற உங்களுக்குத் தேவை கேட்-3 600 வோல்ட்.

அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். 300 ரூபாய் மீட்டரிலும் "கேட்-3 1000 வோல்ட்" என்று போட்டுவிடுகிறார்கள். சி.இ. முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. யூ.எல்., சி.எஸ்.ஏ., டி.யூ.வி. போன்ற வெளி ஆய்வக முத்திரை இருந்தால் நம்பிக்கை கூடும். அதைவிட உறுதியான வழி, பின் மூடியைக் கழற்றி ஃபியூஸைப் பார்ப்பது. உள்ளே இருக்கும் கம்பி கண்ணாடிக்குள் தெரிந்தால் அது 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ். பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் கம்பி உருகினாலும் ஆர்க் (இடைவெளியில் பாயும் மின்பொறி) அணையாமல் தொடரும், கண்ணாடி வெடிக்கும். 220 வோல்ட் டி.சி.யில் நிலைமை இன்னும் மோசம். ஏ.சி. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய வாய்ப்பு உண்டு, டி.சி.யில் அதுவும் கிடையாது. நல்ல மீட்டரில் வெள்ளை நிற, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத செராமிக் ஃபியூஸ் இருக்கும், உள்ளே மணல் நிரப்பியிருப்பார்கள், 600 வோல்ட் என்றோ 1000 வோல்ட் என்றோ அதன் மேலேயே எழுதியிருக்கும். கடைக்காரர் திறந்து காட்ட மறுத்தால், அந்த மாடலின் உட்புறப் படத்தையும் அக்கக்காகப் பிரித்துக் காட்டும் வீடியோவையும் தேடிப் பாருங்கள். வோல்ட் ஜாக்குக்குப் பக்கத்தில் சின்ன வட்டத் தகடு மாதிரி ஒரு பி.டி.சி. தெர்மிஸ்டரும் ஒன்றிரண்டு எம்.ஓ.வி.களும் (இரண்டும் சர்ஜிலிருந்து மீட்டரைக் காக்கும் பாகங்கள்) இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். போர்டில் அவற்றுக்கான இடம் அச்சிடப்பட்டு, பாகம் பொருத்தப்படாமல் காலியாக இருந்தால் அது காசு மிச்சம் பிடித்த மீட்டர்.

மலிவு மீட்டரில் இன்னொரு அபாயம் 10 ஆம்ப் ஜாக். டிடி-830டி வகையில் (முதலில் சொன்ன மஞ்சள் நிற 250 ரூபாய் மீட்டர் இதுதான்) அந்த ஜாக்குக்குப் பக்கத்திலேயே "ஃபியூஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அந்த ஜாக்கிலிருந்து, கருப்பு லீட் செருகும் காம் (COM) ஜாக்குக்கு உள்ளே ஓடுவது வளைத்த தடித்த கம்பி ஒன்று. அதுதான் ஷன்ட், அதாவது கரன்டை அளக்க உதவும் சிறு தடை, சுமார் 0.01 ஓம். கரன்ட் அளந்துவிட்டு சிவப்பு லீடைப் பிடுங்காமல் விட்டு, அடுத்த நாள் பிளக் பாயின்ட்டில் வோல்டேஜ் பார்க்கப் போனால், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் சேர்த்ததற்குச் சமம். குமிழ் 750 வோல்ட்டில் இருந்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் ஷன்ட் ஜாக்கோடு நேரடியாக இணைந்திருக்கிறது. எம்.சி.பி. விழுவதற்குள் ப்ரோப் முனை உருகித் தெறிக்கும். கரன்ட் அளந்து முடித்த கையோடு சிவப்பு லீடை வோல்ட் ஜாக்குக்கு மாற்றுவதை முதல் நாளிலிருந்தே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ட்ரூ ஆர்.எம்.எஸ். மூன்றாம் ஆண்டு பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இதன் அருமை தெரியும். சாதாரண மீட்டர் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்து சராசரியை எடுத்து, 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சுத்தமான சைன் அலைக்கு இது சரி. ட்ரையாக்கில் (ஏ.சி. அலையின் ஒரு பகுதியை மட்டும் விடும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஃபயரிங் ஆங்கிள் 90 டிகிரி வைத்து, அதாவது ஒவ்வொரு அரை அலையிலும் பாதியை வெட்டி, ஒரு பல்புக்குக் கொடுங்கள். சப்ளை 230 வோல்ட் என்றால் பல்புக்குப் போகும் உண்மையான ஆர்.எம்.எஸ். சுமார் 163 வோல்ட். சராசரி மட்டும் பாதியாகிவிடுவதால் சாதாரண மீட்டர் 115 என்று காட்டும். நீங்கள் தியரியில் போட்ட கணக்கு சரி, ரீடிங் தப்பு. எங்கே பிழை என்று தெரியாமல் ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைத் திருத்தி எழுதும் நிலை இப்படித்தான் வருகிறது. ஸ்கொயர் வேவில் அதே மீட்டர் 11 சதவீதம் அதிகமாகவும், ட்ரையாங்கிள் வேவில் ஏறக்குறைய 4 சதவீதம் குறைவாகவும் காட்டும். மலிவு இன்வெர்ட்டரின் அவுட்புட், ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. டிரைவர் இழுக்கும் கரன்ட் எதுவுமே சைன் அலை அல்ல.

ட்ரூ ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் எல்லை உண்டு. விலை குறைந்த மாடல்கள் 400 ஹெர்ட்ஸ் அல்லது 1 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் துல்லியத்துக்குப் பொறுப்பேற்கின்றன. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) அவுட்புட்டில் பல கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும் பி.டபிள்யூ.எம். துடிப்புகள் இருப்பதால், அந்த வேகமான பகுதியை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் வசதி இல்லாத மீட்டர் அங்கே காட்டும் எண்ணை வைத்து மோட்டார் வோல்டேஜை முடிவு செய்ய வேண்டாம்.

கவுண்ட் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 2000 கவுண்ட் என்றால் டிஸ்பிளே 1999 வரை போகும். 6000 கவுண்ட் என்றால் 5999 வரை. 5 வோல்ட் சப்ளையை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2000 கவுண்ட் மீட்டரில் 20 வோல்ட் ரேஞ்சுக்குப் போயாக வேண்டும், 5.00 என்று காட்டும், கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட். 6000 கவுண்டில் 6 வோல்ட் ரேஞ்சிலேயே 5.000 வரும், கடைசி இலக்கம் 1 மில்லிவோல்ட். துல்லியம் இரண்டுக்கும் ±(0.5% + 3) என்றே கொடுத்திருந்தாலும் விளைவு வேறு. அந்த "+ 3" கடைசி இலக்கத்தில் மூன்று என்று பொருள். முதல் மீட்டரில் 25 மில்லிவோல்ட்டோடு 30 சேர்ந்து ±55 மில்லிவோல்ட். இரண்டாவதில் 25-உம் 3-உம் சேர்ந்து ±28 மில்லிவோல்ட். பாதியாகக் குறைகிறது. அதற்கு மேல் 10,000, 20,000 கவுண்ட் என்று போவதற்கு இளநிலைப் படிப்பில் அவசியமே இல்லை. சதவீதப் பிழை அப்படியே இருக்க இலக்கம் மட்டும் கூடினால் அளவு துல்லியமாகிவிடாது. சின்ன மாற்றத்தைக் கவனிக்க உதவும், அவ்வளவுதான். 2,000 ரூபாய்க்குள் 9999 கவுண்ட் மீட்டரும் கிடைக்கிறது, ஆனால் அந்தப் பணத்தை நான் ஃபியூஸுக்குத்தான் கொடுப்பேன்.

இன்புட் இம்பிடென்ஸ், அதாவது வோல்டேஜ் அளக்கும்போது மீட்டர் சர்க்யூட்டுக்குக் காட்டும் தடை, 10 மெகாஓம் இருக்க வேண்டும். 250 ரூபாய் மீட்டர் பெரும்பாலும் 1 மெகாஓம். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து 10 வோல்ட் கொடுத்தால் நடுவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகாஓம் மீட்டர் 4.76 காட்டும், 1 மெகாஓம் மீட்டர் 3.33 காட்டும். அதே மலிவு மீட்டரில் ஏ.சி. ரேஞ்ச் வெறும் 200, 750 வோல்ட் இரண்டு மட்டும், உள்ளே ஒற்றை டையோடு ரெக்டிஃபையர். ஒரு 9 வோல்ட் பேட்டரியை அதன் ஏ.சி. ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக வைத்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு காட்டும், ப்ரோப்களைத் திருப்பினால் பூஜ்யம். டி.சி.யின் மேல் ஏறியிருக்கும் ரிப்பிளை (சிறு ஏ.சி. ஏற்ற இறக்கத்தை) இதில் அளக்க முடியாது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோ ரேஞ்ச் நல்லது, குமிழைச் சுற்றும் வேலையும் தவறும் குறையும். கெப்பாசிட்டன்ஸ் கட்டாயம் வேண்டும்: சீலிங் ஃபேனில் வரும் 2.5, 3.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் மோட்டார் கெப்பாசிட்டரையும் சோதிக்க இது ஒன்றே போதும். ஏ.சி. கரன்ட் ரேஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள், டிடி-830டி வகையில் அது கிடையாது. டிரான்சிஸ்டரைச் செருகும் எச்.எஃப்.இ. சாக்கெட்டுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். வயரைத் தொடாமலே ஃபேஸ் இருப்பதைக் காட்டும் என்.சி.வி. வசதி கூடுதல் தகவல்தான். அது ஒலிக்கவில்லை என்பதை வைத்து லைன் செத்துவிட்டது என்று கை வைத்துவிடக் கூடாது.

இனி விலை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 200 முதல் 300 ரூபாய்க்குள் டிடி-830டி, 500 முதல் 800-க்குள் டிடி-9205ஏ வகை. இரண்டையும் 50 வோல்ட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக உழைக்கும். 9205-இல் ஏ.சி. கரன்டும் கெப்பாசிட்டன்ஸும் கூடுதலாக வருவதால் பிரெட்போர்டு மீட்டராக அதையே எடுக்கலாம். 1,000 முதல் 1,500-க்குள் யூனி-டி யூடி-33 பிளஸ் வரிசை. 2000 கவுண்ட், கைக்கு அடக்கம், பிளக் பாயின்ட் வரைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ட்ரூ ஆர்.எம்.எஸ். இல்லை. 2,000-ஐ ஒட்டி 6000 கவுண்ட், ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று பல சீனத் தயாரிப்புகள் வருகின்றன. அளவில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. உள்ளே செராமிக் ஃபியூஸ் இருக்கும் மாடலை மட்டும் எடுங்கள், கண்ணாடி ஃபியூஸ் என்றால் த்ரீ ஃபேஸ் பேனல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

4,000 ரூபாயை ஒட்டி இரண்டு நல்ல மாடல்கள் உண்டு: யூனி-டி யூடி-139சி, ஃப்ளூக் 101. முன்னது 6000 கவுண்ட், ட்ரூ ஆர்.எம்.எஸ்., கெப்பாசிட்டன்ஸ், டெம்பரேச்சர், ஏ.சி., டி.சி. கரன்ட் எல்லாம் கொண்டது. ஃப்ளூக் 101 உள்ளங்கை அளவு, 6000 கவுண்ட், கேட்-3 600 வோல்ட். அதில் கரன்ட் ஜாக்கே கிடையாது. கரன்ட் ஜாக்கில் லீடை மறந்துவிட்டு மெயின்ஸைத் தொடும் விபத்து அதில் நடக்கவே முடியாது என்பதால், ஹவுஸ் வயரிங் வேலைக்கு அது மிக நல்ல மீட்டர். ஆனால் ட்ரூ ஆர்.எம்.எஸ். இல்லாததால் பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் மேலே சொன்ன 115 வோல்ட்டைத்தான் அதுவும் காட்டும். ட்ரிபிள் இ மாணவருக்கு என் தேர்வு யூடி-139சி. 2,000 ரூபாய்தான் என்றால், விடுதி அறையில் இருவர் சேர்ந்து அதை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு 250 ரூபாய் மீட்டர் வைத்துக்கொள்வது தனித்தனியாக 2,000 ரூபாய் மீட்டர் வாங்குவதைவிட மேல். மோட்டார் ஸ்டார்ட்டிங் கரன்ட் போன்ற பெரிய கரன்டுக்கு மல்டிமீட்டரைத் தொடரில் வைக்க வேண்டாம், அது கிளாம்ப் மீட்டரின் வேலை. பின்னால் வாங்கும்போது யூடி-210இ போல டி.சி.யும் அளக்கும் கிளாம்பாகப் பாருங்கள், பேட்டரி, சோலார் வேலைக்கும் உதவும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை: ஓம் ரேஞ்சில் இரு ப்ரோப்பையும் சேர்த்துப் பிடியுங்கள். 0.2 முதல் 0.5 ஓம் வரை வந்து நிலையாக நிற்க வேண்டும். லீடை ஆட்டும்போது எண் குதித்தால் லீடோ ஜாக்கோ சரியில்லை. கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் சத்தம் தரும் ரேஞ்ச்) வைத்து ஒரு ப்ரோப்பின் முனையால் மற்றதன் மேல் வேகமாக உரசுங்கள். தொட்டவுடன் சத்தம் வர வேண்டும், கரகரத்து விட்டுவிட்டு வந்தாலோ அரை நொடி தாமதித்தாலோ பி.சி.பி. டிராக் தேடும் வேலையில் எரிச்சல்தான் மிஞ்சும். பத்து கிலோஓம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் (பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு) இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை அளந்தால் 9.9-க்கும் 10.1-க்கும் இடையே, மீட்டரின் சொந்தப் பிழையையும் சேர்த்து, வர வேண்டும். வோல்டேஜைச் சரிபார்க்க 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஐ.சி.யை நம்பாதீர்கள், அதன் அவுட்புட்டே 4.8 முதல் 5.2 வரை இருக்கலாம். கடையில் இருக்கும் இன்னொரு நல்ல மீட்டரோடு ஒரே பேட்டரியில் ஒப்பிடுவதே எளிது. ஃப்ளூக் என்றால் பில்லோடு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள், போலிகள் நிறைய.

வாங்கியபின் பிழை வரும் இடங்கள் சில. பேட்டரி இறங்கினால் மலிவு மீட்டரின் உள் ரெஃபரன்ஸும் இறங்கி, ரீடிங் கூடுதலாகக் காட்டும். யாராவது அப்படிப்பட்ட மீட்டரைப் பிளக் பாயின்ட்டில் வைத்து 260, 270 என்று திடீரென்று வந்தால் ஈ.பி.யைக் குறை சொல்லும் முன் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஸ்விட்ச் ஆஃப் செய்த லைனில் 40, 60, 90 வோல்ட் காட்டினால் பெரும்பாலும் அது பக்கத்து வயரிலிருந்து கெப்பாசிட்டிவாகத் தொற்றிய பேய் வோல்டேஜ். 10 மெகாஓம் மீட்டர் அதைக் கீழே இழுக்காததால் தெரிகிறது. டெஸ்ட் லாம்பை வைத்தால் மறைந்துவிடும். ஆனால் மறைகிறதா என்று பார்க்காமல் "பேய் வோல்டேஜ்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். லைன் செத்ததை உறுதி செய்யும் முறை இது: முதலில் கரன்ட் இருக்கும் பாயின்ட்டில் மீட்டர் காட்டுகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யப்போகும் லைனைப் பாருங்கள், மறுபடியும் அந்தக் கரன்ட் உள்ள பாயின்ட்டில் பாருங்கள். இடையில் லீட் அறுந்திருந்தால் மூன்றாவது ரீடிங்கில் தெரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டர், டி.வி. போன்றவற்றில் வரும் பவர் சப்ளை) போர்டில் ஓம் ரேஞ்சை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டரை 2.2 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மெயின்ஸை எடுத்த பிறகும் அதில் 325 வோல்ட் டி.சி. நிற்கலாம். 220 மைக்ரோஃபாரட்டுக்கு மூன்று நொடி பிடித்தால் போதும், பிறகு டி.சி. வோல்ட்டில் சரிபாருங்கள்.

கரன்ட் அளக்கும்போது மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு தடைதான். 200 மில்லிஆம்ப் ரேஞ்சில் ஷன்ட் மட்டும் 1 ஓம், ஃபியூஸும் லீடும் அதற்கு மேல். ஈ.எஸ்.பி.-32 என்ற வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைஃபை அனுப்பும் கணத்தில் 200 மில்லிஆம்பைத் தாண்டும். 3.3 வோல்ட் லைனில் இந்த ரேஞ்சை வைத்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும், பிழை புரோகிராமில் இல்லை. 10 ஆம்ப் ஜாக்குக்கு மாறினால் சரியாகிவிடும். கரன்ட் எப்போதும் பூஜ்யம் காட்டினால் மில்லிஆம்ப் ஃபியூஸ் போயிருக்கும். தனி மில்லிஆம்ப் ஜாக் உள்ள மீட்டரில் திறக்காமலே பார்க்கலாம்: குமிழை ஓமில் வைத்து, வோல்ட் ஜாக்கில் இருக்கும் சிவப்பு ப்ரோப்பின் முனையை மில்லிஆம்ப் ஜாக்குக்குள் விடுங்கள். சில ஓம் காட்டினால் ஃபியூஸ் நலம், ஓ.எல். (அளவு எல்லையைத் தாண்டியது, அதாவது இணைப்பு இல்லை) காட்டினால் போய்விட்டது. மாற்றும்போது ஆம்ப் அளவு மட்டுமின்றி வோல்ட் அளவும் வேகமும் பழைய ஃபியூஸில் எழுதியிருப்பது போலவே இருக்க வேண்டும். 600 வோல்ட் செராமிக் ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸைப் போட்டால், 4,000 ரூபாய் மீட்டர் அந்த நிமிடமே 250 ரூபாய் மீட்டரின் பாதுகாப்புக்கு இறங்கிவிடும்.